வேட்டைக்காரனின் தண்ணீர்

கலஹாரிப் பாலைவனத்தில் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் அந்த வேட்டை தொடங்கும். உயிருள்ளவை எல்லாம் நிழலுக்கு ஒதுங்கும் நேரம். மரத்தடியில் நிற்கும் குடு மானை ஒருவன் எழுப்பிவிடுகிறான். அது பாய்ந்தோடிக் கண்ணுக்கு மறைகிறது. அவன் அவசரப்படுவதில்லை. மணலில் பதிந்த குளம்படிகளைப் பார்த்தபடி ஒரே சீராக ஓடுகிறான். மான் எங்கோ ஒரு நிழலில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கும்போது அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறான். மான் மறுபடி ஓடும். அவனும் ஓடுவான். மணிக்கணக்கில் இப்படியே போகும். கடைசியில், இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, முறுக்கிய கொம்புடைய அந்த விலங்கு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஓடுவதற்கு அதன் உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது. அவன் பக்கத்தில் போய் ஈட்டியால் குத்துவான்.

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த லூயி லீபென்பெர்க் 1980களிலிருந்து போட்ஸ்வானாவின் சான் வேட்டைக்காரர்களோடு நடந்தும் ஓடியும் இதைப் பதிவுசெய்தார். 2006இல் ‘கரண்ட் ஆந்த்ரபாலஜி’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, நாற்பது டிகிரியை ஒட்டிய வெயிலில் 25 முதல் 35 கிலோமீட்டர் வரை நீளும் ஓட்டங்களைச் சொல்கிறது. 2002இல் தொடங்கிய டேவிட் அட்டன்பரோவின் ‘லைஃப் ஆஃப் மம்மல்ஸ்’ தொடர் இப்படியான ஒரு துரத்தலை உலகத்துக்குக் காட்டியது. அதைப் பார்த்தவர்கள் அந்த மனிதனின் கால்களைப் பற்றியே பேசினார்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அதைத் தங்கள் ஆதிக்கதையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கால்களை நானும் வியக்கிறேன். ஆனால் என் மனம் போய் நிற்பது அவன் குடித்த தண்ணீரில். அதை எங்கிருந்து எடுத்தான், எதில் சுமந்தான், அவனுக்காக யார் எடுத்துவைத்தார்கள், அது தீர்ந்துபோனால் அவன் என்ன ஆவான் என்ற கேள்விகளில். வில், அம்பு, ஈட்டி, துப்பாக்கி ஆகியவற்றின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். தண்ணீர்க் குடுவைக்கு அந்த வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு கிடைத்தால் பெரிது. வேட்டையின் முதல் கருவி தண்ணீர்தான் என்று நான் நினைக்கிறேன். இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் அதுதான்: தண்ணீரைச் சுமக்கத் தெரிந்ததால் மனிதன் வேட்டைக்காரன் ஆனான், அவன் கையிலிருந்து தண்ணீரைப் பிடுங்கிவிட்டால் அவனையே இரையாக்கிவிடலாம்.

*

குடு மான் வாயைத் திறந்து இரைத்து உடம்பின் சூட்டை வெளியேற்றுகிறது. நாலுகால் பாய்ச்சலில் போகும்போது மூச்சு அந்தப் பாய்ச்சலின் தாளத்தோடு கட்டுண்டுவிடும். வேகமாக இரைக்க வழியில்லை. நின்றால்தான் உடம்பு ஆறும். அதை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வதே இந்த வேட்டையின் முழு உத்தி. மனிதனுக்கு அந்தத் தடை இல்லை. அவன் தோலில் இருபது முதல் நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உரோமம் குறைந்த உடம்பில் வியர்வை காற்றுப்பட்டு ஆவியாகும்போது ஓடிக்கொண்டே அவன் ஆறுகிறான். 1984இல் டேவிட் கேரியரும், 2004இல் ‘நேச்சர்’ இதழில் டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மேன் இருவரும் இந்த உடலமைப்பிலிருந்துதான் மனிதன் ஓடுவதற்கென்று உருவான உயிர் என்ற வாதத்தை எழுப்பினார்கள்.

இந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. அதைத் தண்ணீராகவே கட்ட வேண்டும். கடும் வெயிலில் ஓடுகிறவன் மணிக்கு ஒரு லிட்டரை எளிதில் இழப்பான், சில நேரம் அதற்கும் மேல். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே ஓட்டம் தளரும், கவனம் சிதறும். நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தால் உயிர் ஊசலாடும். ஐம்பது கிலோ எடையுள்ள மெலிந்த உடலுக்கு அது ஐந்து லிட்டர். கணக்கு அவ்வளவு குறுகலானது. மானும் நீரை இழக்கிறது, மனிதனும் இழக்கிறான். யாருடைய இருப்பு முதலில் தீரும் என்பதுதான் அந்த மணல்வெளியில் நடக்கும் போட்டி.

ஆதி மனிதனான ஹோமோ எரெக்டஸ் தண்ணீரைச் சுமக்காமல் இப்படி வேட்டையாடியிருக்க முடியுமா என்று மார்ட்டின் ஹோராவும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டுப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். குடிக்காமலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்க முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு. தண்ணீர்க் குடுவை இல்லாமலும் வேட்டை தொடங்கியிருக்கலாம் என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் அந்த ஐந்து மணி நேரம் துரத்திப் பிடிப்பதற்கு மட்டுமே போதும். மான் விழுந்த இடம் வீட்டிலிருந்து பல கல் தொலைவு. ஓடியவன் வற்றிப்போய் நிற்கிறான். எதிரே இருநூறு கிலோ இறைச்சி. திரும்பி வர வேண்டும், செய்தி சொல்ல வேண்டும், ஆட்களைக் கூட்டிவந்து அறுத்துச் சுமக்க வேண்டும். வேட்டை மானோடு முடிந்துவிடுவதில்லை. திரும்பும் வழியில்தான் தண்ணீர் தன் பேச்சைப் பேசும். ஒரு துரத்தலின் முடிவில் லீபென்பெர்க்குக்கே வியர்வை நின்றுபோய் உயிருக்கு ஆபத்தானது. உடன் ஓடிய சான் வேட்டைக்காரர் முகாமுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்ததால்தான் அவர் பிழைத்தார்.

நச்சம்பு வேட்டையிலும் இதே கதைதான். கலஹாரியின் வேட்டைக்காரர்கள் ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுக்கும் நஞ்சை அம்பில் பூசுவார்கள். அது மெல்ல வேலை செய்யும் நஞ்சு. அம்பு தைத்த விலங்கு விழ மணிக்கணக்காகும், பெரிய விலங்கென்றால் நாட்கணக்காகும். அதுவரை தடம் பிடித்துப் பின்னால் போக வேண்டும். எய்தவனின் குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எத்தனை நாள் வீட்டை விட்டு விலகியிருக்கலாம் என்பதைத் தோள்பையில் உள்ள நீரும் வழியில் தோண்டத் தெரிந்த கிழங்கும்தான் முடிவு செய்யும். வீழ்த்திய விலங்கின் இரைப்பையில் செரிக்காமல் கிடக்கும் புல்லைப் பிழிந்து வரும் பச்சை நீரையும் அவர்கள் குடித்திருக்கிறார்கள். அருவருப்பு என்று நமக்குத் தோன்றுவது அங்கே வீடு திரும்புவதற்கான வழி.

*

நெருப்புக்கோழி முட்டையின் ஓடு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்தது. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஒரு முனையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை எடுத்து உண்டுவிட்டுக் கழுவிக் காயவைத்தால் ஒரு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் குடுவை தயார். புல்லையோ மெழுகையோ வைத்து வாயை அடைத்துவிடலாம். உள்ளிருக்கும் நீர் கசியாது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் உள்ள டீப்க்லூஃப் குகையில் பியர் ஜான் தெக்ஸியே குழுவினர் ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் பழமையான இத்தகைய ஓடுகளின் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். 2010இல் அந்த ஆய்வு வெளியானபோது 270 துண்டுகளில் செதுக்கிய கோடுகள் இருந்தன. இணைகோடுகள், குறுக்குக்கோடுகள் என்று ஒருசில வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. துளையிட்ட வாய்ப்பகுதிகளும் கிடைத்தன.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. அவ்வளவு பழைய காலத்தில் ஒரு மனிதக்கூட்டம் தன் தண்ணீர்க் குடுவையில் அடையாளம் இட்டிருக்கிறது. அழகுக்காக இருக்கலாம், இது இன்னார் குடுவை என்று காட்டுவதற்காக இருக்கலாம். எதுவாயினும், கையில் எடுத்தால் மறுநாளும் வேண்டும் என்று நினைத்த பொருள் அது. குடுவை வந்த பிறகு மனிதனின் நாளை நீண்டது. நீருள்ள இடத்திலிருந்து அரைநாள் தொலைவுவரை மட்டுமே போய்த் திரும்ப முடிந்தவன், ஓடுகளை வழியெங்கும் மணலில் புதைத்துவைத்து இரண்டு நாள், மூன்று நாள் தொலைவை எட்டினான். கலஹாரியில் மழைக்குப் பின் சில வாரங்கள்தான் பள்ளங்களில் நீர் நிற்கும். அங்கே மனிதன் ஆண்டு முழுதும் வாழ்ந்ததற்குக் காட்டுத் தர்ப்பூசணியும், துருவிப் பிழிந்தால் நீர் தரும் கிழங்கும், புதைத்துவைத்த ஓடுகளும் காரணம்.

இந்த ஓடுகளை நிரப்பியவர்கள் யார்? 1849இல் நகாமி ஏரிக்குப் போகும் வழியில் கலஹாரியைக் கடந்த டேவிட் லிவிங்ஸ்டன், 1857இல் வெளியான தன் பயண நூலில் பகலஹாரிப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இருபது முப்பது நெருப்புக்கோழி முட்டை ஓடுகளை வலையிலோ பையிலோ முதுகில் கட்டிக்கொண்டு அவர்கள் வருகிறார்கள். ஈரமணலில் கை எட்டும் ஆழத்துக்குத் துளையிடுகிறார்கள். நாணல் ஒன்றின் நுனியில் புல்லைச் சுற்றி அந்தத் துளைக்குள் இறக்கி, சுற்றிலும் மணலை இறுக்குகிறார்கள். நாணலின் மேல்முனையில் வாய்வைத்து உறிஞ்ச, புல் வடிகட்டியாகி மணலடியில் உள்ள நீர் வாய்க்கு ஏறுகிறது. ஒவ்வொரு வாய் நீரையும் ஒரு புல்தண்டின் வழியே ஓட்டுக்குள் இறக்குகிறார்கள். இப்படி வாய் வாயாக ஓடுகள் நிரம்புகின்றன. பிறகு வீட்டுக்குச் சுமந்துபோய் மண்ணில் புதைக்கிறார்கள்.

இருபது ஓடுகள் நிரம்பினால் இருபது கிலோவுக்கு மேல் எடை. அந்தச் சுமையோடு மணலில் நடந்து பாருங்கள். ஓட்டக்காரனின் எட்டு மணி நேரத்தைப் படமெடுத்த உலகம் இந்தப் பெண்ணின் எட்டு மணி நேரத்தைப் படமெடுக்கவில்லை. மனிதகுலத்தின் முதல் முதுகுப்பை எது என்று யாராவது கேட்டால் நான் இந்த வலையைத்தான் காட்டுவேன். குழந்தைக்கும் நீருக்கும் ஒரே முதுகு இடம் தந்தது. வேட்டைக்காரன் எடுத்துப்போன ஓட்டில் இருந்தது பெரும்பாலும் இன்னொருவரின் வாயும் முதுகும் உழைத்துச் சேர்த்த நீர். அவன் வெற்றியில் அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு. இறைச்சியைப் பங்கிடும்போது அம்பு யாருடையது என்று கேட்கும் வழக்கம் சான் மக்களிடம் உண்டு. எய்தவனை விட அம்புக்கு உரியவனுக்கு முன்னுரிமை. தண்ணீர் யாருடையது என்றும் கேட்டிருந்தால் அந்தப் பங்கீட்டின் கணக்கு இன்னும் நிறைவானதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லிவிங்ஸ்டன் இன்னொன்றும் கவனித்தார். பகலஹாரி மக்கள் நீருள்ள இடத்திலிருந்து வேண்டுமென்றே தள்ளிக் குடியிருந்தார்கள். ஊற்றுக்குழியை மணலால் மூடி, அதன்மேல் நெருப்பு மூட்டித் தடயத்தை அழித்தார்கள். நீர் இருக்கும் இடம் தெரிந்தால் வலியவர்கள் அங்கே வந்துவிடுவார்கள் என்ற அச்சம்தான் காரணம். வரப்போவதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

*

கலஹாரியை விட்டுச் சற்று விலகிப் போகிறேன். இரண்டாம் உலகப்போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலையில் சண்டையிட வேண்டியிருந்த அமெரிக்கப் படைக்கு, வீரனுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று தெரியவேண்டியிருந்தது. குறைவாகக் குடித்துப் பழகினால் உடம்பு குறைவில் வாழப் பழகிவிடும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் கலிஃபோர்னியப் பாலையில் வீரர்களை நடக்கவைத்து, எடைபோட்டு, வியர்வையை அளந்து சோதித்தார்கள். 1947இல் அந்த முடிவுகள் ‘பாலைவனத்தில் மனித உடலியல்’ என்ற பொருள்படும் நூலாக வந்தன. உடம்பு தாகத்துக்குப் பழகாது என்பது அவர்கள் கண்டது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வியர்வை அதே அளவில் போகும். குடுவையில் சேமித்துவைத்த நீர் வறண்ட உடம்பைக் காக்காது. வயிற்றுக்குள் போன நீர்தான் காக்கும். சேமிக்க வேண்டுமானால் நிழலில் இருந்து, சட்டையைக் கழற்றாமல், இரவில் நடந்து வியர்வையைச் சேமிக்க வேண்டும்.

தாகம் எப்போதும் தாமதமாக வரும் செய்தி என்பதும் அவர்கள் கண்டதுதான். நிறைய நீர் முன்னால் இருந்தாலும் வேலையின் நடுவே மனிதன் தன் இழப்பை ஈடுகட்டுமளவு குடிப்பதில்லை. கழுதை அப்படியில்லை, நாள் முழுதும் இழந்ததைச் சில நிமிடங்களில் குடித்து நிரப்பிக்கொள்ளும். நம் வயிறு சிறியது, குடல் மெதுவாகத்தான் உறிஞ்சும். அதனால்தான் மனிதன் தண்ணீரை உடம்புக்கு வெளியே, ஆனால் உடம்போடு ஒட்டியபடி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முட்டையோடும் தோல்பையும் தகரக் குடுவையும் ஞெகிழிப் பையும் நம் வயிற்றுக்கு வெளியே நாம் கட்டிக்கொண்ட இன்னொரு வயிறு.

1989இல் டெக்சாஸ் மாநிலத்தின் விசிட்டா ஃபால்ஸ் நகரில், ஆகஸ்ட் மாத வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் போட்டியில் மைக்கேல் ஐட்சன் என்ற அவசர மருத்துவப் பணியாளர் கலந்துகொண்டார். சலைன் பையில் தண்ணீர் நிரப்பி, அதை நீளமான காலுறைக்குள் போட்டு, சட்டையின் முதுகில் ஊசியால் குத்தி, குழாயைத் தோள்வழியே முன்னால் கொண்டுவந்து குடித்துக்கொண்டே ஓட்டினார். அதிலிருந்து பிறந்த கேமல்பேக் இன்று ராணுவம், மலையேற்றம், வேட்டை மூன்றிலும் இருக்கிறது. நாணலில் உறிஞ்சிய பெண்ணுக்கும் குழாயில் உறிஞ்சும் இந்த மனிதனுக்கும் நடுவே ஆயிரம் பொருள்கள் மாறியிருக்கின்றன. முதுகும் உதடும் மாறவில்லை.

*

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் செப்டம்பரில் வில்லோடு எல்க் மானைத் தேடிப் போகிறவர்களின் முதுகுப்பையைப் பிரித்துப் பார்த்தால் தண்ணீர் பற்றிய ஒரு முழு அறிவு அங்கே மடித்துவைக்கப்பட்டிருப்பது தெரியும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இந்தக் கணக்கை எந்தத் தொழில்நுட்பமும் இதுவரை குறைக்கவில்லை. மூன்று லிட்டர் எடுத்தால் வில், கூடாரம், உணவு எல்லாவற்றோடும் மூன்று கிலோ கூடும். அதனால் தண்ணீர்ப் பையை முதுகெலும்பை ஒட்டி வைக்கிறார்கள். எடை பின்னால் இழுக்காது. பாதி காலியான குடுவை நடக்கும்போது குலுங்கிச் சத்தமிடும். காட்டு விலங்கின் காதுக்கு அது போதும். ஆகையால் தண்ணீர்ப் பையைத் தலைகீழாகத் திருப்பி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் போகிறார்கள். காற்றில்லாத பையில் நீர் குலுங்காது. குடுவையில் எடுத்தவர்கள் திறந்ததை முழுதும் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார்கள். ஓசையில்லாமல் நடக்க வேண்டும் என்ற தேவையே அவர்களை ஒழுங்காகக் குடிக்கவும் வைக்கிறது.

மூவாயிரம் மீட்டர் உயரத்தில் விடியற்காலையில் குழாய்க்குள் நீர் உறைந்துவிடும். ஒவ்வொரு முறை குடித்ததும் குழாய்க்குள் ஊதி நீரைப் பைக்கே திருப்பி அனுப்புவார்கள். குடுவை என்றால் தலைகீழாக வைப்பார்கள். பனிக்கட்டி மேலே கட்டும், வாய்ப்பக்கம் திறந்திருக்கும். குளிரில் தாகமே எடுக்காது, ஆனால் அந்த வறண்ட காற்று ஒவ்வொரு மூச்சிலும் நீரை எடுத்துக்கொண்டு போகும். ஓடையில் கண்ணாடியாக ஓடும் நீரை அப்படியே குடித்தால் ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் உயிரி குடலுக்குள் போய், ஓரிரு வாரம் கழித்து வயிற்றைப் புரட்டும். வடிகட்ட வேண்டும், இல்லையேல் கொதிக்கவைக்க வேண்டும்.

இந்தப் பையின் கணக்கில் என்னைத் தொட்டது வேறொன்று. வேட்டைக்குப் போகிறவனின் பை போகப்போக இலேசாகிறது; நீர் குறைகிறது, உணவு குறைகிறது. வேட்டை கிடைத்துவிட்டால் அந்தக் காலியிடத்தில் இறைச்சி ஏறுகிறது. முந்நூறு கிலோ எடையுள்ள ஆண் எல்க்கை அறுத்து எலும்பு நீக்கினாலும் ஒரே நடையில் எடுத்துவர முடியாது. பல நடை நடக்க வேண்டும். வாழ்நாளின் மிகப்பெரிய சுமையைத் தூக்கும் நேரத்தில் தண்ணீர் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். ஒவ்வொரு நடைக்கும் மறுபடி நீர் வேண்டும். ஓர் உயிரை எடுப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அந்தக் கடைசி லிட்டர் நினைவூட்டும். சுமந்து திரும்பத் தண்ணீர் இல்லாதவன் அம்பை எய்திருக்கவே கூடாது. எய்தால் இறைச்சி அழுகிக் கிடக்கும். வேட்டையை நான் விரும்புகிறவன் அல்லன். ஆனால் தன் தண்ணீரின் எல்லைக்குள் மட்டுமே கொல்கிறவனுக்கும், வண்டியில் வந்து சுட்டுவிட்டுப் போகிறவனுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரிகிறது.

நீரைச் சுமந்து செல்பவனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவன் விலங்குகளின் நீரில் பங்கு கேட்க வேண்டியதில்லை. பாலைநிலத்தில் வேட்டையாட எளிய வழி நீர்க்குட்டையருகே காத்திருப்பது. எந்த விலங்கும் என்றாவது வந்துதான் ஆக வேண்டும். அரிசோனா மாநிலச் சட்டம், நீருள்ள ஒரே குட்டையை விலங்குகளோ கால்நடைகளோ நெருங்க முடியாதபடி அதிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் அடிப்பதைத் தடை செய்கிறது. 2022 ஜனவரி முதல், விலங்குகளைக் கண்காணிக்கும் தானியங்கிக் கேமராக்களை வேட்டைக்குப் பயன்படுத்துவதையும் அங்கே தடை செய்தார்கள்; குட்டைகளைச் சுற்றிக் கேமராக்கள் குவிந்துபோனது அதற்கு ஒரு பெருங்காரணம். தாகத்தைப் பொறியாக்குவது முறையல்ல என்ற உணர்வு வேட்டைக்காரர்கள் நிறைந்த ஒரு மாநிலத்திலேயே சட்டமாகியிருக்கிறது. விலங்குக்குக் காட்டிய இந்த நியாயம் மனிதனுக்குக் கிடைத்ததா என்று கேட்கத்தான் மறுபடி கலஹாரிக்குத் திரும்புகிறேன்.

*

1961இல், இன்றைய போட்ஸ்வானா பிரிட்டனின் ஆட்சியில் பெச்சுவானாலாந்து என்ற பெயரில் இருந்தபோது, மத்திய கலஹாரிக் காப்பகம் உருவானது. ஐம்பதாயிரம் சதுரகிலோமீட்டருக்கு மேல் பரந்த நிலம். ஜார்ஜ் சில்பர்பாவர் என்ற அதிகாரியின் ஆய்வு அதற்கு அடிப்படையாக அமைந்தது. காட்டு உயிர்களோடு அங்கே வாழும் குவி, கானா முதலிய சான் மக்களின் வேட்டைநிலமும் காக்கப்பட வேண்டும் என்பது நோக்கம். 1966இல் போட்ஸ்வானா விடுதலை பெற்றது. காப்பகத்துக்குள் மோத்தோமெலோ என்ற இடத்தில் ஓர் ஆழ்துளைக் கிணறு இருந்தது. உறிஞ்சியும் தோண்டியும் பிழிந்தும் நீர் கண்ட மக்கள் அந்தக் கிணற்றை நம்பி வாழத் தொடங்கினார்கள். எளிதாகக் கிடைக்கும் நீரை நாடுவது யாருடைய குற்றமும் இல்லை. நாமும் அப்படித்தான் குழாயை நாடினோம்.

1997இலும் 2002இலும் அரசு அவர்களைக் காப்பகத்துக்கு வெளியே புதிய குடியிருப்புகளுக்கு மாற்றியது. 2002இல் தண்ணீர் விநியோகம் உள்ளிட்ட சேவைகள் நிறுத்தப்பட்டன. மோத்தோமெலோ கிணறு செயலிழக்கச் செய்யப்பட்டது. ஒரு மக்கள்கூட்டத்தை வெளியேற்றத் துப்பாக்கி தேவைப்படவில்லை. கிணற்றை அடைத்தால் போதுமாக இருந்தது. குடு மானைப் பிடிக்க வேட்டைக்காரன் செய்வதும் அதுதான்: நிழலையும் நீரையும் மறுத்துக்கொண்டே இருப்பது.

மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், அவர்களை வெளியேற்றியது சட்டத்துக்குப் புறம்பானது என்றும் வேட்டை உரிமம் மறுத்தது தவறு என்றும் சொன்னது. ஆனால் நிறுத்திய சேவைகளைத் திரும்பத் தரும் கடமை அரசுக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நிலம் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. திரும்பிப் போனவர்கள் காப்பகத்துக்கு வெளியே நெடுந்தூரம் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தங்கள் செலவிலேயே கிணற்றைத் திறந்துகொள்கிறோம் என்று கேட்டதற்கும் அனுமதி இல்லை. அந்த ஆண்டுகளில்தான் அதே காப்பகத்துக்குள் நீச்சல் குளத்தோடு ஒரு சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது.

2010 ஜூலை 21 அன்று உயர் நீதிமன்றம் தண்ணீருக்கான அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 28 அன்று, குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. 122 நாடுகள் ஆதரித்தன. போட்ஸ்வானா உட்பட 41 நாடுகள் வாக்களிப்பில் இருந்து ஒதுங்கிக்கொண்டன. 2011 ஜனவரி 27 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை மாற்றியது. தங்கள் செலவில் மோத்தோமெலோ கிணற்றைப் பயன்படுத்தவும் புதிய கிணறு தோண்டவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றும், தண்ணீரை மறுப்பது மனிதரை இழிவாக நடத்துவதாகும் என்றும் சொன்னது. அந்த ஆண்டே மோத்தோமெலோவில் மீண்டும் நீர் வந்தது.

அதன்பிறகு 2014 தொடக்கத்தில் அரசு நாடெங்கும் பொதுநிலங்களில் வேட்டையைத் தடை செய்தது. 2019இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. யானைகள் பெருகியதையும் கிராமங்களின் இழப்பையும் சுற்றிய அந்த விவாதம் உலகமெங்கும் ஒலித்தது. ஈட்டியோடு ஒரு குடு மானைத் துரத்தி ஓடியவர்களின் குரல் அதில் அரிதாகவே கேட்டது.

*

ஆக, வேட்டைக்காரனுக்கு இரண்டு உரிமைகள் வேண்டும்: காட்டில் நடக்கும் உரிமை, நடக்கும்போது குடிக்கும் உரிமை. முதலாவதைத் தந்து இரண்டாவதை மறுக்கும் சட்டம் எதையும் தரவில்லை. 60,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் முட்டையோட்டில் கோடு கிழித்தபோது உறுதிசெய்துகொண்டது இந்த இரண்டாவது உரிமையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேட்டை சரியா தவறா என்பது வேறு விவாதம். அதில் என் சாய்வு விலங்கின் பக்கமே. ஆனால் அந்த விவாதத்தைத் தாகத்தில் நிற்பவனோடு நடத்த முடியாது. அவனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

காடுகளைக் காக்க வேண்டும் என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன். காப்பகங்களிலிருந்து மக்கள் தாமாகவே வெளியேறினார்கள் என்ற செய்தி உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு செய்தியைப் படித்தால், எத்தனை குடும்பங்கள், எவ்வளவு இழப்பீடு என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: அவர்கள் வெளியேறுவதற்கு முந்தைய ஆண்டு, அங்கிருந்த கிணறு என்ன ஆனது?